பழைய மினி டிராக்டர்: கழற்றும் முன் பார்க்க வேண்டியவை
வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழைய மினி டிராக்டர் வாங்கியவர்கள் எழுதியவை. தோப்புக்குள் நுழையவும், வாழை வரிசைக்கு நடுவே உழவும், சிறிய வயலில் வரப்பை இடிக்காமல் திருப்பவும் 15 முதல் 30 எச்.பி. வரையிலான வண்டிகளே தோது. புது வண்டிக்குக் கடன்பட விரும்பாதவர்கள் பழையதைத் தேடிப் போவதில் தவறில்லை. ஆனால் வாங்கிய இரண்டாம் மாதத்தில் எழுதும் கடிதங்களில் ஏறக்குறைய ஒரே வரி இருக்கிறது: "இறக்கிப் பார்த்தால்தான் தெரியும் என்று மெக்கானிக் சொல்கிறார்." இறக்கித்தான் ஆக வேண்டிய பழுதுகள் உண்டு. அதே சமயம், பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்பதை வெளியிலிருந்தே கண்டுபிடிக்க வழி இருக்கும்போது, அதைச் செய்யாமல் ஸ்பேனரை எடுப்பது விவசாயியின் பணத்தைக் கரைப்பதாகும். ஆகவே இந்தப் பதில்களில் சோதனை முறைகளையே விரிவாக எழுதியிருக்கிறேன்.

கேள்வி: 22 எச்.பி., மூன்று சிலிண்டர் வண்டி ஒன்றை நான்கு மாதங்களுக்கு முன் பழையதாக வாங்கினேன். காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. ரொட்டவேட்டர் (மண்ணைக் கிளறும் சுழல் கலப்பை) போட்டு 20, 25 நிமிடம் ஓட்டினால் இழுவை குறைகிறது. ஆக்சிலரேட்டரைக் கூட்டினாலும் ஏறாமல் அணைந்துவிடுகிறது. பத்து நிமிடம் விட்டு ஸ்டார்ட் செய்தால் மறுபடி ஓடுகிறது. டீசல் பம்பைக் கழற்றிக் காலிபரேஷனுக்கு (பம்பு தரும் டீசல் அளவைச் சரிசெய்ய) அனுப்ப வேண்டும் என்கிறார்கள். அனுப்பலாமா?
— ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: இப்போதைக்கு அனுப்ப வேண்டாம். உங்கள் கடிதத்தில் பயனுள்ள தகவல் "இழுவை குறைந்து அணைகிறது" என்பதுதான். சாவியைத் திருப்பியது போலச் சட்டென்று அணைந்தால், மின்சாரத்தால் டீசலை நிறுத்தும் சாலனாய்டு உள்ள வண்டிகளில், அந்தச் சாலனாய்டு சூடேறி விட்டுவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். படிப்படியாக மூச்சுத் திணறி அணைந்தால், எஞ்சினுக்கு டீசல் போதிய அளவு வந்து சேரவில்லை என்று பொருள். பத்து நிமிடம் ஓய்வு கொடுத்ததும் ஓடுவது இதை மேலும் உறுதிப்படுத்துகிறது; அந்த நேரத்தில் டீசல் மெல்லக் கசிந்து வந்து ஃபில்டரை மறுபடி நிரப்பிவிடுகிறது. பம்பு தேய்ந்திருந்தால் இப்படி மணி அடித்தது போல 25 நிமிடத்துக்கு ஒருமுறை நிற்காது. சூடான எஞ்சின் ஸ்டார்ட் ஆகவே அடம் பிடிக்கும்.

முதல் சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. அடுத்த முறை இழுவை குறையத் தொடங்கியதும், வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டீசல் டேங்க் மூடியைத் தளர்த்துங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு எஞ்சின் தெளிந்தால், மூடியில் உள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. டீசல் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி டீசலைப் பின்னுக்கு இழுக்கும். பல மாதம் கொட்டகையில் நின்ற வண்டியில் இந்தத் துளைக்குள் குளவி மண் வைத்து அடைத்திருந்ததை நானே ஊசியால் குத்தி எடுத்திருக்கிறேன். அந்த வண்டிக்கு அதற்கு முன் இரண்டு ஃபில்டர்களும் டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஒரு ஃபீட் பம்பும் மாற்றியிருந்தார்கள்.

மூடி சரியாக இருந்தால் கேன் சோதனையைச் செய்யுங்கள். ஐந்து லிட்டர் சுத்தமான கேனில் வடிகட்டிய டீசல் ஊற்றி, எஞ்சினை விட உயரமாக, சைலன்சருக்கும் சூடான பாகங்களுக்கும் எட்டத்தில் கட்டிவைத்து, டேங்கிலிருந்து வரும் குழாய்க்குப் பதிலாக அந்தக் கேனிலிருந்து ஒரு புதிய ரப்பர் குழாயை ஃபில்டருக்குக் கொடுங்கள். ரிட்டர்ன் குழாயையும் அதே கேனுக்குள் விடுங்கள். இப்படி ஒரு மணி நேரம் வேலை செய்தும் வண்டி அணையவில்லை என்றால் பம்பும் நாசிலும் (எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை) குற்றமற்றவை. பழுது டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவே இருக்கிறது. டேங்கின் அடியில் உள்ள சல்லடை, டீசல் காக், தண்ணீர் தேங்கும் கண்ணாடிக் கிண்ணம், வெயிலில் வெடித்துப்போன ரப்பர் குழாய் என்று வரிசையாகப் பாருங்கள். டேங்குக்குள் டார்ச் அடித்தும் பாருங்கள். டீசல் கேன் மூடியின் உள்ளே இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தகடு டேங்குக்குள் விழுந்து மிதந்து, சிறிது நேரம் ஓடியதும் டீசல் வெளியேறும் வாய் அருகே இழுபட்டு ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் நின்றதும் தானாக விலகிவிடும். நீங்கள் சொல்லும் அறிகுறியும் இப்படித்தான் இருக்கிறது.

கேனில் போட்டும் அணைந்தால் ஃபில்டரை மாற்றி, குழாய் இணைப்புகளில் உள்ள செப்பு வாஷர்களையும் புதிதாகப் போட்டு, ஏர் எடுங்கள், அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். ஃபில்டரின் மேல் உள்ள ஏர் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை நுரை நின்று தெளிந்த டீசல் வரும் வரை அடித்து, கைப்பம்பு அடித்துக்கொண்டிருக்கும்போதே திருகை மூடுங்கள். பிறகு டீசல் பம்பின் திருகில் இதையே செய்யுங்கள். பழைய செப்பு வாஷரையே திருப்பிப் போட்டு இறுக்கும் பழக்கத்தால்தான் பல வண்டிகளில் ஏர் எடுத்த மறுநாளே ஏர் பிடிக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் தீராவிட்டால் பம்பைத் தாராளமாக அனுப்பலாம்.

கேள்வி: ஐயா, சேற்றுழவுக்காகப் பழைய ஃபோர் வீல் டிரைவ் மினி டிராக்டர் வாங்கியிருக்கிறேன். கியர்பாக்ஸ் ஆயிலைக் குச்சியில் எடுத்துப் பார்த்தால் பால் கலந்த காப்பி போல இருக்கிறது. ரொட்டவேட்டரைத் தூக்கும்போது முனகல் சத்தம் வருகிறது. தூக்கிய பிறகு மேலும் கீழும் தலையாட்டிக்கொண்டே இருக்கிறது. எஞ்சினை அணைத்தால் இரண்டு நிமிடத்தில் தரைக்கு வந்துவிடுகிறது. ஹைட்ராலிக் பம்பு போய்விட்டது என்று ஒருவரும், கியர்பாக்ஸையே இறக்க வேண்டும் என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். நான் யார் சொல்வதைக் கேட்பது?
— ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: முதலில் ஆயில் சொல்வதைக் கேளுங்கள். பெரும்பாலான மினி டிராக்டர்களில் கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல், எண்ணெயில் மூழ்கிய பிரேக், கருவியைத் தூக்கும் லிஃப்ட் ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய்தான். எனவே கியர் பக்கம் புகுந்த தண்ணீர் லிஃப்டையும் கெடுக்கும். பால் நிறம் என்பது எண்ணெயோடு தண்ணீர் கலந்து கடையப்பட்டதன் அடையாளம். சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் அரைப் பாட்டில் எடுத்து இரண்டு நாள் அசையாமல் வையுங்கள். தண்ணீர் அதிகமாக இருந்தால் அடியில் தனியாக நிற்கும். நன்றாகக் கடைந்துபோன ஆயில் பிரியாமல் பால் போலவே நிற்கவும் கூடும். அப்போது சூடான தோசைக்கல்லில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு. படபடவென்று பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது.

தண்ணீர் எப்படிப் புகுந்தது என்பதை அறியாமல் ஆயிலை மட்டும் மாற்றினால் அடுத்த நடவுப் பருவத்தில் இதே நிலைக்கு வந்துவிடுவீர்கள். சேற்றில் இரண்டு மணி நேரம் உழும்போது கியர்பாக்ஸ் சூடாகி, உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியேறுகிறது. வண்டி ஆழமான இடத்தில் நிற்கும்போது குளிர்ந்த தண்ணீர் பட்டு உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, வெளியிலிருந்து இழுக்கிறது. காற்றுப்போக்கி சேறு பிடித்து அடைபட்டிருந்தால், அந்த இழுவைக்குத் தேய்ந்த ஆக்சில் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். ஆகவே காற்றுப்போக்கி, பின் ஆக்சில் சீல்கள், பி.டி.ஓ. தண்டின் (பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் தண்டு) சீல், கியர் லீவரின் அடியில் உள்ள ரப்பர் உறை, ஆயில் குச்சியின் ரப்பர் வளையம் ஆகிய ஐந்தையும் பாருங்கள். கியர் லீவர் உறை கிழிந்த வண்டியை மழையில் நிறுத்தினாலே போதும், சேற்றில் இறங்காமலே ஆயில் வெளுத்துவிடும்.

ஆயிலை இறக்கும்போது வண்டியைச் சிறிது ஓட்டிச் சூடேற்றிய பிறகு இறக்குங்கள். வடிகால் திருகு ஒன்றோடு முடிவதில்லை. கியர்பாக்ஸுக்கு ஒன்று, டிஃபரென்ஷியலுக்கு ஒன்று, சில மாடல்களில் இருபுற ஆக்சிலுக்கும் தனித்தனியாக என்று இருக்கும். ஒன்றை மட்டும் கழற்றினால் பாதித் தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும். டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றிக் கழுவும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. அது பேரிங்குகளிலும் லிஃப்ட் குழாய்களிலும் தங்கி, புதிதாக ஊற்றும் ஆயிலை நீர்க்கச் செய்கிறது. அதே வகை ஆயிலைக் குச்சியின் கீழ்க்கோடு வரை ஊற்றி, இருபது நிமிடம் ஓட்டி, லிஃப்டைப் பலமுறை ஏற்றி இறக்கி, சூட்டோடு வடித்துவிடுங்கள். செலவுதான் என்றாலும் கியர்பாக்ஸை இறக்கும் செலவில் இது சிறு பங்கு. வடித்த பிறகு ஹைட்ராலிக் உறிஞ்சு குழாயின் சல்லடையையும் ஃபில்டரையும் கட்டாயம் கழற்றிப் பாருங்கள். தூக்கும்போது வரும் முனகல், அடைபட்ட சல்லடை வழியே பம்பு ஆயிலை இழுக்கத் திணறுவதால் வருவது. சல்லடையில் வெண்ணெய் போல வெளிறிய பசை அப்பியிருந்தால் பம்பு மேல் பழி போட வேண்டாம். இரும்புத் துணுக்குகள் பளபளவென்று இருந்தால் மட்டும், கியர்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

புதிதாக ஊற்ற வேண்டியது உங்கள் வண்டியின் கையேட்டில் சொல்லியிருக்கும் டிரான்ஸ்மிஷன் ஆயில், பொதுவாக யு.டி.டி.ஓ. என்று டப்பாவில் போட்டிருக்கும். எஞ்சின் ஆயிலோ, கெட்டியான கியர் ஆயிலோ மலிவாகக் கிடைக்கிறது என்று ஊற்றினால், எண்ணெயில் மூழ்கிய பிரேக் கத்தும், பிடிக்காது. லிஃப்ட் காலையில் ஒரு மாதிரியும் மதியம் ஒரு மாதிரியும் வேலை செய்யும். முன் ஆக்சிலுக்குத் தனி ஆயில் உண்டு. பின்பக்கம் வெளுத்திருந்தால் முன்பக்கமும் பெரும்பாலும் வெளுத்திருக்கும், அதையும் மாற்றுங்கள். சேற்றுக்குப் போகும் வண்டிகளில் கிளட்ச் வீட்டின் அடியில் உள்ள வடிகால் துளையை அடைத்திருப்பார்கள். உலர் வேலைக்கு வந்ததும் அந்த அடைப்பைக் கழற்றாவிட்டால், கசிந்த ஆயிலும் தண்ணீரும் அங்கேயே தேங்கிக் கிளட்ச் தட்டை நனைக்கும். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

இவற்றைச் செய்த பிறகும் தலையாட்டம் நின்றிருக்காது என்றே எதிர்பார்க்கிறேன், ஏனென்றால் அது வேறு இடத்துப் பழுது. தூக்கிய சுமையை எஞ்சின் அணைந்த பிறகும் தாங்கி நிற்கச் செய்வது லிஃப்ட் சிலிண்டரும் அதன் வால்வும்தான். அந்த வேலையில் பம்புக்குப் பங்கில்லை. எஞ்சின் அணைந்த இரண்டு நிமிடத்தில் கீழே வருகிறது என்றால், பிஸ்டனின் ஓ-ரிங்கோ வால்வோ கசிகிறது. எஞ்சின் ஓடும்போது அந்தக் கசிவால் சுமை சற்றே இறங்க, லிஃப்ட் அதை உணர்ந்து மறுபடி ஏற்ற, இந்த ஏற்ற இறக்கம்தான் உங்களுக்குத் தலையாட்டமாகத் தெரிகிறது. இதற்கு லிஃப்ட் மேல் மூடியைத் திறந்தால் போதும், கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை. மூடியைத் திறக்கும் முன் ரொட்டவேட்டரைக் கழற்றி, லிஃப்ட் கைகளைக் கீழே இறக்கிவிடுங்கள். தூக்கிய கருவியின் அடியில் மரக்கட்டை முட்டுக்கொடுக்காமல் யாரையும் கை நீட்ட விடாதீர்கள். லீவரை நம்பிக் குனிந்தவர்கள் கையையும் காலையும் இழந்திருக்கிறார்கள்.

கேள்வி: தென்னந்தோப்புக்கு வாங்கிய வண்டிக்கு விற்றவர் முன் டயர் இரண்டையும் புதிதாக மாற்றிக் கொடுத்தார். நல்லது என்று நினைத்தேன். ஆறே மாதத்தில் அந்த டயர்களின் கட்டைகள் ஒரு பக்கமாகச் சீவியது போலத் தேய்ந்துவிட்டன. ஃபோர் வீல் லீவர் போட்டால் எடுக்க வரவில்லை. முன் ஆக்சில் கியர் கெட்டுவிட்டதா?
— ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: டயரை முதலில் சந்தேகப்படுங்கள். ஃபோர் வீல் போட்டதும் முன் சக்கரமும் பின் சக்கரமும் கியர்களால் ஒன்றோடொன்று பிணைக்கப்படுகின்றன. வண்டி நேராகப் போக, முன் சக்கரம் தரையில் பின் சக்கரத்தை விடச் சற்றே வேகமாக, ஏறக்குறைய 1 முதல் 5 விழுக்காடு வரை அதிகமாக, உருளும்படி டயர் அளவைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். இந்தக் கணக்கு டயரின் சுற்றளவைப் பொறுத்தது. பின் டயர் தேய்ந்த நிலையில் முன் டயரை மட்டும் புதிதாகப் போட்டாலோ, அளவு ஒன்றாக இருந்தும் கட்டை உயரம் வேறுபட்ட டயரைப் போட்டாலோ, கணக்குத் தப்பிவிடும்.

நீங்களே அளந்து பார்க்கலாம். சமமான கெட்டித் தரையில், சுமை எதுவும் இல்லாமல், நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்துக்கொண்டு, ஒரு பின் டயரிலும் ஒரு முன் டயரிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஃபோர் வீல் போடாமல் நேராக மெதுவாக ஓட்டி, பின் சக்கரம் சரியாக 10 சுற்று சுற்றும்போது முன் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று ஒருவர் பக்கத்தில் நடந்தபடி எண்ணட்டும். மீதிப் பாகத்தையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஃபோர் வீல் போட்டு அதையே செய்யுங்கள். இரண்டாவது எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்து, முதல் எண்ணால் வகுத்து, 100 ஆல் பெருக்குங்கள். உதாரணமாக, போடாமல் 15.2, போட்டு 15.7 என்றால் முந்துதல் 3.3 விழுக்காடு, நல்ல நிலை. போடாமல் 14.5, போட்டு 15.7 என்றால் 8.3 விழுக்காடு, முன் டயர் ஒவ்வொரு அடியிலும் தரையைச் சுரண்டிக்கொண்டு போகிறது. டயர் சீவப்படுவதும், பிணைப்பு முறுக்கேறி லீவர் எடுக்க வராததும் அதனால்தான். எண் கழித்தலாக வந்தால் முன் சக்கரம் பிரேக் போல வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது என்று பொருள். அதுவும் ஆக்சில் கியரைத் தின்றுவிடும்.

காற்றைக் கூட்டிக் குறைத்து ஒன்றிரண்டு விழுக்காடு சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் கையேட்டில் சொன்ன முன், பின் ஜோடிக்கே திரும்ப வேண்டும். லீவர் சிக்கிக்கொண்டால் அடித்து எடுக்காமல், சில அடி பின்னால் நகர்த்திப் பாருங்கள், முறுக்கு தளர்ந்து தானாக விடும். தார்ச் சாலையிலும் காய்ந்த கெட்டித் தரையிலும் ஃபோர் வீல் வேண்டாம். மண் வழுக்கிக் கொடுக்கிற இடத்தில் மட்டுமே அது உதவும். அளப்பதற்கு நான் சொன்ன சில மீட்டர்களால் ஒன்றும் ஆகாது. இந்த அளவு சரியாக இருந்தும் பழுது தொடர்ந்தால் அப்போது முன் ஆக்சிலைத் திறக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கணவர் வெளியூரில் வேலை செய்வதால் வண்டியை நானே பார்த்துக்கொள்கிறேன். காலையில் செல்ஃப் அடித்தால் "டக், டக்" என்ற சத்தம் மட்டுமே வருகிறது. புது பேட்டரி மாற்றியும் சரியாகவில்லை. எப்போதாவது சுற்றினாலும் வெண்புகை தள்ளிவிட்டு நின்றுவிடுகிறது. வாங்கும்போது புதுப் பெயிண்ட் அடித்து அழகாக இருந்தது.
— ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தின் கடைசி வரியில்தான் முதல் பழுது இருக்கிறது என்று நினைக்கிறேன். விற்பதற்காகப் பெயிண்ட் அடிக்கும்போது, பேட்டரியின் எர்த் பட்டை வண்டியின் உடலோடு சேரும் இடத்திலும் பெயிண்ட் அடித்து, அதன் மேலேயே போல்ட்டை இறுக்கிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. விளக்கு எரியும் அளவு மின்சாரம் அதன் வழியாகப் போகும். செல்ஃப் மோட்டாருக்கு வேண்டிய மின்சாரம் போகாது. ஒரு தடித்த ஜம்பர் வயரை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து எஞ்சினின் பெயிண்ட் இல்லாத போல்ட் ஒன்றுக்கு நேராகக் கொடுத்துச் செல்ஃப் அடியுங்கள். நன்றாகச் சுற்றினால் எர்த் பட்டையைக் கழற்றி, அந்த இடத்தை உப்புத்தாளால் இரும்பு தெரியும் வரை தேய்த்து மாட்டினால் போதும். மல்ட்டிமீட்டர் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்: சும்மா இருக்கும்போது பேட்டரி 12.6 வோல்ட் அளவிலும், செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். அதே நேரத்தில் பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் உடலுக்கும் நடுவே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில்தான் குற்றம்.

வெண்புகை இரண்டாவது பழுது. அது எரியாத டீசல். சிறிய டீசல் எஞ்சின்கள் பலவற்றில் ஹீட்டர் பிளக் சூடேறினால்தான் முதல் ஸ்டார்ட் கிடைக்கும், நம் ஊர் வெயிலிலும்கூட. பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு, ஒரு 12 வோல்ட் சோதனை விளக்கின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, மறுமுனையால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொடுங்கள். விளக்கு எரியாத பிளக் செத்துவிட்டது. எல்லாமே எரிந்தால், சாவியை ஹீட்டர் நிலையில் வைக்கும்போது அந்தப் பட்டைக்கு மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள், ரிலே போயிருக்கலாம்.

இரண்டு விஷயங்களை மட்டும் யார் சொன்னாலும் செய்ய விடாதீர்கள். ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில், காற்று போகும் வழியில் பெட்ரோல் துணியோ ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயோ காட்டக் கூடாது. உள்ளேயே வெடித்து பிஸ்டன் உடையும். பின் சக்கரத்துக்கு முன்னால் நின்றுகொண்டு ஸ்க்ரூ டிரைவரால் செல்ஃப் மோட்டாரை ஷார்ட் செய்து ஸ்டார்ட் செய்யக் கூடாது. வண்டி கியரில் இருந்தால் ஆள் மேலேயே ஏறிவிடும்.

கேள்வி: ரேடியேட்டரில் தினமும் அரை லிட்டர் தண்ணீர் குறைகிறது, மதியத்துக்குள் சூடு முள் சிவப்புக்குப் போகிறது. ஹெட் கழற்ற வேண்டுமா?
— ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீர் கழுத்து வரை நிரப்பி, ஸ்டார்ட் செய்து பாருங்கள். சூடாவதற்கு முன்பே விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கிறது, கழற்றத்தான் வேண்டும். குமிழி இல்லையென்றால் ரேடியேட்டர் மூடியின் ரப்பர், குழாய் கிளிப்புகள், வாட்டர் பாடியின் (தண்ணீர் பம்பு) அடியில் உள்ள கசிவுத் துளை ஆகியவற்றைப் பாருங்கள். ரேடியேட்டர் தகடுகளுக்கு நடுவே சருகும் தூசியும் பிடித்திருந்தால் ஃபேன் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். முன்பக்கத்திலிருந்து அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளே போகும். உங்கள் பகுதியில் போர் தண்ணீர் உப்புப் படிய விடக்கூடியது. முந்தைய உரிமையாளர் அதையே ஊற்றி வந்திருந்தால் ரேடியேட்டரின் உள்ளே சுண்ணாம்பு கட்டியிருக்கும். அதைச் சுத்தம் செய்த பிறகு கூலன்ட் மட்டுமே ஊற்றுங்கள். சூடு குறையும் என்று தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர்ப் பாதையைத் திறந்து மூடும் வால்வு) கழற்றிப் போட்டிருந்தால் அதையும் வாங்கி மாட்டுங்கள். சில எஞ்சின்களில் அது இல்லாவிட்டால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியிலேயே சுற்றும்.

கேள்வி: மீட்டரில் 1,100 மணி நேரம் காட்டும் வண்டியை வாங்கினேன். இழுவை பரவாயில்லை, ஆனால் நீலப் புகை வருகிறது, ஆயிலும் குறைகிறது. எஞ்சின் வேலை செய்தே ஆக வேண்டும் என்கிறார்கள். உழவுப் பருவம் தொடங்கிவிட்டது.
— ஒரு வாசகர், சங்கரன்கோவில்

பதில்: மீட்டர் எண்ணை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள், மீட்டர் பலகையை மாற்றினால் எண்ணும் மாறிவிடும். கிளட்ச் மிதியின் இரும்பு தேய்ந்து பளபளக்கிறதா, டிராலி கொக்கித் துளை முட்டை வடிவமாகிவிட்டதா, கருவியை மாட்டும் கீழ்க் கைகளின் குண்டுகள் ஆடுகின்றனவா என்று பாருங்கள். 1,100 மணி நேரத்தில் இவை எல்லாம் ஒன்றாகத் தேயாது.

எஞ்சினைத் திறப்பதற்கு முன் ஏர் கிளீனரைத் திறங்கள். எண்ணெய்க் கிண்ணம் உள்ள வகையாக இருந்து, அதில் கோட்டுக்கு மேல் ஆயில் ஊற்றியிருந்தால், அந்த ஆயிலையே எஞ்சின் உறிஞ்சி நீலப் புகை விடும். அது சரியாக இருந்தால், எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். மெல்லிய ஆவி வருவது இயல்பு. புகை விட்டு விட்டுக் குபுகுபுவென்று தள்ளினால் ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கின்றன. அப்படித் தள்ளாமல், வெகுநேரம் நின்ற பிறகு ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலமாகப் புகைத்துப் பிறகு தெளிந்தால் வால்வு சீல்தான். அதற்கு ஹெட் வேலையோடு முடியும். கம்ப்ரெஷன் சோதனை செய்யும் பட்டறை அருகில் இருந்தால் எல்லாச் சிலிண்டர்களின் அளவையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விற்றவரோடு பேசுவதற்கும், பின்னால் வேலை செய்தபின் ஒப்பிடுவதற்கும் அந்தத் தாள் உதவும்.

பருவம் தொடங்கிவிட்டதால் ஒரு நடைமுறை வழி சொல்கிறேன். குச்சியின் மேல்கோடு வரை ஆயில் ஊற்றி, பத்து மணி நேரம் வேலை செய்த பிறகு, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எவ்வளவு ஊற்றினால் மறுபடி மேல்கோட்டுக்கு வருகிறது என்று லிட்டர் கணக்கில் எழுதுங்கள். ஒவ்வொரு பத்து மணி நேரத்துக்கும் இதைச் செய்யுங்கள். அளவு ஒரே மாதிரி இருந்து, இழுவையும் குறையாமல், சூடும் ஏறாமல் இருந்தால், தினமும் காலையில் ஆயில் பார்த்து ஊற்றிக்கொண்டு இந்தப் பருவத்தை முடித்துவிட்டு, வேலையில்லாத மாதத்தில் எஞ்சினை இறக்கலாம். அளவு ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போனால் காத்திருக்க வேண்டாம். உதிரிப் பாகம் வாங்கப் போகும்போது, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணோடு நிற்காமல், எஞ்சின் உடலில் பொறித்திருக்கும் எண்ணையும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், பிஸ்டன் செட் வாங்குவதற்கு முன்பே விற்றவரிடம் அதற்கு விளக்கம் கேளுங்கள்.